பென்சில் கொடுக்காமல் தொடங்கிய கையெழுத்து வகுப்பு

சனிக்கிழமை தோறும் புதுவயலில் பஸ் ஏறி, காரைக்குடி செக்காலையில் ஒரு வீட்டு மாடிக்கு மகனைக் கூட்டிப் போகிறேன். கையெழுத்து வகுப்பு. மாதம் 1,200 ரூபாய். சேர்த்துக்கொண்ட பிறகு முதல் நாலு வாரம் அவன் கையில் பென்சிலே கொடுக்கவில்லை. ஈரத்துணியால் சுவரில் வட்டம் போட்டான், கொடியில் துணி கிளிப் மாட்டினான், கையைத் தரையில் ஊன்றி நண்டு மாதிரி நடந்தான். சிங்கப்பூரில் இருக்கும் என் வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "எழுதப் பழக அனுப்புனா நண்டு நடை பழகுறானா?" என்று கேட்டார். எனக்கும் அப்போது பதில் தெரியவில்லை.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. மில்லிலும் பள்ளிக்கூட வாசலிலும் ஒவ்வொருவராக விசாரிக்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். நடத்துகிறவர் ஆக்குபேஷனல் தெரபி, அதாவது அன்றாட வேலைகளுக்குக் கையையும் உடம்பையும் பழக்குகிற சிகிச்சை, படித்தவர். தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. செக்காலையில் சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கேட்டால் வழி சொல்லிவிடுவார்கள்.

மகனுக்கு 7 வயது, இரண்டாம் வகுப்பு. வாயால் கேட்டால் எல்லாம் சொல்வான். எழுதச் சொன்னால்தான் பிரச்சினை. எழுத்து கோட்டில் நிற்காது, ஒன்று யானை அளவு, அடுத்தது எறும்பு அளவு. பாதிப் பக்கத்துக்குள் "கை வலிக்குதும்மா" என்பான். நாங்கள் அதைச் சாக்கு என்று நினைத்தோம். பள்ளியில் இடைவேளையில் உட்கார வைத்து மறுபடி எழுத வைத்தார்கள். முப்பதே நாளில் முத்து முத்தான எழுத்து என்று போர்டு வைத்திருந்த இன்னொரு இடத்தில் போன வருடம் சேர்த்தேன். அங்கே தினம் நாலு பக்கம் பார்த்து எழுதுவதுதான் பயிற்சி. மாத முடிவில் எழுத்து மாறவில்லை, நோட்டைப் பார்த்தாலே அழ ஆரம்பித்தான். வலிக்கிறது என்று சொன்ன பிள்ளையை நம்பாமல் போனேனே என்பது இன்றைக்கும் என் மனதில் கிடக்கிறது. அது நிஜமான வலி என்று இந்த வகுப்புக்கு வந்த முதல் நாளே தெரிந்துவிட்டது.

அந்த முதல் நாளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கட்டிய பணத்துக்கு அந்த ஒரு மணி நேரமே போதும் என்று தோன்றியது. டீச்சர் அவன் பழைய நோட்டை வாங்கினார். எழுத்தைப் படிக்கவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவினார். எழுத்தெல்லாம் அந்தப் பக்கம் புடைத்துக்கொண்டு நின்றது. அடுத்த தாளிலும் தடம் இருந்தது, அதற்கடுத்த தாளிலும் இருந்தது. "இவ்வளவு அழுத்துனா வலிக்காம என்ன செய்யும்?" என்றார். அப்புறம் அவனை நாற்காலியில் உட்கார வைத்து, "உன் பேரு எழுது ராசா" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டார். என்னையும் அங்கே நின்று பார்க்கச் சொன்னார். இத்தனை நாள் நான் நோட்டைத்தான் பார்த்திருக்கிறேன், எழுதுகிற பிள்ளையைப் பார்த்ததில்லை. கால் தரையில் படாமல் ஆடிக்கொண்டிருந்தது. இடது கை தொடைக்கு அடியில் இருந்தது, தாளைப் பிடிக்கவே இல்லை. தாள் நழுவ நழுவ உடம்பு அதன் பின்னால் சாய்ந்தது. கட்டை விரல் பென்சிலைச் சுற்றிக்கொண்டு மற்ற விரல்களின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. விரல் அசையவில்லை. முழங்கையிலிருந்து மொத்தக் கையும் சேர்ந்துதான் ஒவ்வொரு எழுத்தையும் போட்டது.

அடுத்து சில வடிவங்களைக் காட்டி, பார்த்துப் போடச் சொன்னார். பிள்ளைகளுக்கு இதில் ஒரு வரிசை இருக்கிறதாம். நேர்க்கோடும் வட்டமும் 3 வயது வாக்கில் வரும். கூட்டல் குறி 4 வயதில், சதுரம் நாலரை வாக்கில், முக்கோணம் 5 வயது தாண்டி. சாய்சதுரம் 7, 8 வயது வரை கூட ஆகலாம். இவன் சதுரம் வரை போட்டான். முக்கோணத்தில் சாய்வுக் கோடு வளைந்து மாங்காய் ஆகிவிட்டது. கண் டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள், அதற்குப் பிறகுதான் சேர்த்துக்கொள்வேன் என்றார். காட்டினோம், பார்வையில் குறை இல்லை. அப்போதுதான் விளக்கினார். கண் நன்றாகப் பார்க்கிறது, கையும் தனியாக நன்றாக வேலை செய்கிறது. கண் பார்த்ததைக் கைக்குச் சொல்லி அதே மாதிரி போட வைப்பது இரண்டும் சேர்ந்து செய்கிற மூன்றாவது வேலை. அந்தச் சேர்க்கை இன்னும் கூடிவரவில்லை. அது கூடிவராத பிள்ளையை நாலு பக்கம் எழுதச் சொன்னால் தப்பான வழியிலேயே நாலு பக்கம் பழகும். முப்பது நாள் வகுப்பில் நடந்தது அதுதான் என்று எனக்குப் புரிந்தது.

டிஸ்கிராஃபியாவா, அதாவது எழுதுவதில் வருகிற கற்றல் குறைபாடா என்று பயந்துகொண்டே கேட்டேன். ஒரே நாளில் பார்த்துப் பெயர் ஒட்ட மாட்டேன் என்றார். சில மாதம் முறையாகப் பழகியும் நகரவில்லை என்றால் குழந்தை வளர்ச்சி டாக்டரிடம் தானே அனுப்புவதாகச் சொன்னார். எங்களுக்கு அந்தத் தேவை வரவில்லை.

தமிழ் எழுத்தை டீச்சர் அணுகுகிற விதம் எனக்கு மிகவும் பிடித்தது. மற்ற இடங்களில் கையெழுத்து என்றாலே நாலு கோடு நோட்டில் இங்கிலீஷ்தான். நம் எழுத்துக்கு வேறு விதமான சிரமம் உண்டு என்று இவர்தான் சொன்னார். ரெண்டு சுழி ன, மூணு சுழி ண எல்லாம் பெரியவர்களுக்குச் சாதாரணம். ஆனால் சுழித்துக்கொண்டே போகிற கையை எந்த இடத்தில் நிறுத்துவது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். மகன் ண எழுதினால் நாலு சுழி, சில நாள் ஐந்து சுழி. கொம்பு இன்னும் சிரமம். 'கெ' என்று சொல்லும்போது க் என்கிற ஒலிதான் முதலில் காதில் விழுகிறது, கையோ கொம்பை முதலில் போட வேண்டும். 'கொ' என்றால் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், நடுவில் க. வாய்க்கு ஒரே ஒலி, கைக்கு மூன்று துண்டு, அந்த மூன்றுக்கும் இடத்தைக் கண் முன்கூட்டியே ஒதுக்கி வைக்க வேண்டும். இவன் க எழுதிவிட்டு அதற்கு முன்னால் இடமில்லாமல் கொம்பை மேலே ஏற்றி எழுதுவான். கவனக் குறைவு என்று சிவப்பு மையில் எத்தனை தடவை எழுதி அனுப்பியிருக்கிறார்கள்!

இன்னொன்று. அத்தை 1978-க்கு முன்னால் படித்தவர். எம்.ஜி.ஆர். ஆட்சியில் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் லை, னை எல்லாம் முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவோடு இருக்கும். அத்தை மளிகைச் சீட்டில் இன்றும் 'கடலை'யை அப்படித்தான் எழுதுவார். மகன் அதைப் பார்த்துத் தன் நோட்டில் அதே மாதிரி எழுதிவிட்டான், பள்ளியில் தப்பு போட்டுவிட்டார்கள். அந்த நோட்டைப் பார்த்த டீச்சருக்கு அவ்வளவு சந்தோஷம். "அந்தச் சுருட்டலைப் பாருங்கம்மா, ஒரு வளைவைக்கூட விடலை. யாரும் சொல்லிக் கொடுக்காம பார்த்து எழுதியிருக்கான். கண்ணும் கையும் சேர ஆரம்பிச்சிருச்சு" என்றார். அது மூன்றாவது மாதம். அவன் எழுத்தை ஒருவர் பாராட்டி அன்றைக்குத்தான் நான் கேட்டேன். அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை.

வீட்டில் செய்யச் சொல்கிற பயிற்சிக்குக் கடையில் எதுவும் வாங்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்து வீடுகளில் இருக்கிற சாமானே போதும். பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குழியிலிருக்கும் புளியங்கொட்டையை மொத்தமாக அள்ளி, உள்ளங்கையிலிருந்து ஒவ்வொன்றாக விரல் நுனிக்குக் கொண்டுவந்து, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். பென்சிலைக் கைக்குள்ளேயே நகர்த்தித் திருப்புகிற விரல் வேலையும் இதேதான் என்று டீச்சர் சொன்னார். ஆனால் ஒரே கையால் ஆட வேண்டும், இன்னொரு கையின் உதவி கூடாது. முதலில் மகன் கையிலிருந்து நாலைந்து கொட்டை ஒன்றாகக் கொட்டும். அத்தை, "மெதுவா விடுய்யா, எங்கயும் ஓடிராது" என்பார். இப்போது அத்தையையே ஜெயிக்கிறான்.

தீபாவளிக்கு அத்தை சீப்புச் சீடை செய்தபோது அவனையும் உட்கார வைத்தோம். சின்ன உருண்டை மாவைச் சீப்பின் பல் மேல் வைத்து, கட்டை விரலால் தேய்த்துத் தட்டையாக்கி, வரி விழுந்த பிறகு மெல்ல உரித்து, இரண்டு ஓரத்தையும் சேர்த்துக் குழலாக ஒட்ட வேண்டும். அழுத்தம் கூடினால் மாவு பல்லுக்குள் போய்விடும், குறைந்தால் வரி விழாது. அவன் முதலில் செய்த பத்தும் பல்லில் சிக்கிக்கொண்டன. அத்தை ஒன்றும் சொல்லாமல் ஈர்க்குச்சியால் சுரண்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். பிறகு வந்தது. எண்ணெய்ச் சட்டிக்குள் போகும்வரை தன் சீடையை அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தான். எவ்வளவு அழுத்துவது என்று நோட்டில் படியாத பாடம் அன்றைக்குச் சீப்பில் படிந்தது. டீச்சரிடம் சொன்னேன், மறு வாரமே வகுப்புக்குக் களிமண்ணும் நாலு சீப்பும் வாங்கி வைத்துவிட்டார்.

பொங்கலுக்கு அடுத்த வீட்டு ஆச்சி நடுவீட்டுக் கோலம் போடும்போதும் அவனை அனுப்பினேன். மாவில் நனைத்த துணியை விரலுக்குள் இடுக்கி, பிழிந்துகொண்டே இழை அறாமல் இழுக்கிற கை அது. அவனைப் பார்க்க மட்டும் விட்டார், தொட விடவில்லை. நியாயம்தான். வீட்டுக்கு வந்து நம் முற்றத்தில் தண்ணீரில் நனைத்த துணியால் போட்டுப் பார்த்தான்.

அழுத்தத்துக்கு இன்னொரு வழியும் சொல்லிக் கொடுத்தார். அதற்கான சாமான் நான் வேலை பார்க்கும் அரிசி மில்லிலேயே இருந்தது. பில் புக்குக்கு வைக்கிற கார்பன் தாள்! நாலு வெள்ளைத் தாளுக்கு நடுவே கார்பன் வைத்து எழுத வேண்டும். எத்தனையாவது தாள் வரை எழுத்து இறங்கியிருக்கிறது என்று அவனே எண்ணுவான். ஆரம்பத்தில் நாலாவது தாளிலும் பளிச்சென்று இருந்தது. இப்போது இரண்டாவதோடு நிற்கிறது. அழுத்தாமல் எழுது என்று நாம் ஆயிரம் தடவை சொல்வதைவிட, தாளை எண்ணியதும் அவனுக்கே புரிந்தது.

மில்லில் ஒரு மூலையில் அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளை வைத்து எழுதிய சாய்வுப் பெட்டி தூசி படிந்து கிடந்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் வெளியூர்க்காரர்கள் வாங்கிப் போகிறார்களே, அதே மாதிரிப் பெட்டி. எழுதுகிற பலகை சாய்ந்திருந்தால் மணிக்கட்டு தானாகக் கொஞ்சம் பின்னால் வளையும், விரல் லேசாக அசையும், தலையையும் கவிழ்க்க வேண்டாம் என்று டீச்சர் சொன்னதும் அதுதான் நினைவுக்கு வந்தது. முதலாளியிடம் கேட்டேன், "எடுத்துட்டுப் போ ஆத்தா" என்றார். பெட்டி கிடைக்காதவர்கள் பெரிய ஃபைல் ஒன்றைச் சாய்த்து வைத்தாலும் போதும். மேசையில் எழுதுகிற பிள்ளைக்கு கால் தரையில் பட வேண்டும். எங்கள் வீட்டு நாற்காலிக்கு அடியில் ஒரு மணையைப் போட்டோம். இந்த ஒன்றிலேயே பாதி ஆட்டம் நின்றுவிட்டது.

பென்சில் பிடிக்கிற கதை சுருக்கம்தான். நீளப் பென்சிலை ஒளித்து வைத்துவிட்டு, ஒரு அங்குலத் துண்டு சாக்பீஸ் கொடுத்தார். அவ்வளவு சின்னதை மூன்று விரல் நுனியால்தான் பிடிக்க முடியும். கடைசி இரண்டு விரலுக்குள் ஒரு புளியங்கொட்டையை இடுக்கி வைக்கச் சொல்வார், விழாமல் எழுத வேண்டும். ஐந்தாவது வாரம் குட்டைப் பென்சில் வந்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நண்டு நடையும் பல்லாங்குழியும் ஆடினால் எழுத்து தானாக வந்துவிடும் என்று இந்த டீச்சர் சொல்லவில்லை. எழுதித்தான் எழுத்து வரும், கொஞ்சமாக, சரியான வழியில், தினமும் எழுத வேண்டும் என்பார். இரண்டாவது மாதத்திலிருந்து தினம் பத்து நிமிடம் எழுத்து உண்டு. வரிசை அ, ஆ இல்லை. ட, ப என்று நேர்க்கோட்டு எழுத்தில் தொடங்கி, ம, ய, வ என்று வளைந்து, க, த தாண்டி, சுழி எழுத்துக்குக் கடைசியில்தான் வந்தார். முதலில் மணல் தட்டில் விரலால், அப்புறம் சுவரில் சாக்பீஸால், அப்புறம் தாளில். விஜயதசமிக்குப் பச்சரிசித் தட்டில் பிள்ளை விரலைப் பிடித்து எழுத வைக்கிறோம், மறுநாளே பென்சிலைக் கொடுத்துவிடுகிறோம். இன்னும் கொஞ்ச நாள் அந்தத் தட்டை வைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இடது கைப் பிள்ளைகள் இரண்டு பேர் வருகிறார்கள். கையை மாற்றவே கூடாது என்பதில் டீச்சர் கறார். தாளை வலது பக்கம் சாய்த்து வைத்து, பென்சிலைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பிடிக்கச் சொல்கிறார், எழுதியது கைக்குப் பின்னால் மறையாமல் தெரியும். வலது கைக்காரர்களுக்குத் தாள் இடது பக்கம் சாய வேண்டும். அந்தப் பிள்ளைகளில் ஒன்றின் பாட்டி வாரா வாரம் வந்து, "சோத்தாங்கைக்கு மாத்திவிடுங்க" என்று கேட்கிறார். டீச்சரும் வாரா வாரம் பொறுமையாகப் பதில் சொல்கிறார்.

குறைகளும் உண்டு. மாடியில் தகரக் கூரை. சித்திரையில் நாலு மணி பேட்ச்சில் பெரியவர்களுக்கே உட்கார முடியவில்லை, பிள்ளைகள் கை வியர்த்துப் பென்சில் வழுக்கியது. அந்த பேட்ச்சில் 12 பேர் வேறு, ஒவ்வொருவர் பின்னாலும் நின்று பார்க்க டீச்சருக்கு நேரம் போதாது. காலை பேட்ச்சுக்கு மாற்றிய பிறகு முன்னேற்றம் இன்னும் நன்றாகத் தெரிந்தது, அங்கே 5 பேர்தான். மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டச் சொல்கிறார்கள். நடுவில் அம்மை போட்டு இரண்டு வாரம் வராத பிள்ளைக்குப் பணத்தைக் கழிக்கவில்லை. இது சரியில்லை என்று நேரிலும் சொல்லிவிட்டேன். 850 ரூபாய்க்கு ஒரு பெட்டி விற்கிறார்கள், உள்ளே மணி, நூல், இடுக்கி, லேமினேட் போட்ட தாள். வாங்க வேண்டாம். மணிக்குப் பதில் பூ தொடுக்கச் சொல்லுங்கள், இடுக்கிக்குப் பதில் துணி கிளிப்பால் கொண்டைக்கடலையை எடுக்கச் சொல்லுங்கள். அந்தத் தாள்களும் முழுக்க இங்கிலீஷ். தமிழில் வேண்டும் என்று நாங்கள் மூன்று அம்மாக்கள் கேட்ட பிறகு டீச்சர் கையாலேயே எழுதி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். பென்சிலில் மாட்டுகிற ரப்பர் கிரிப் 40 ரூபாய். என் மகனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, ஓரத்தைக் கடித்துத் துப்பியதுதான் மிச்சம்.

பெற்றோர் கூடவே உட்கார வேண்டும் என்பது சிலருக்குச் சிரமம். வேலைக்குப் போகிற எனக்கும் சனிக்கிழமை பாதி நாள் சம்பளம் போகிறது. ஆனால் நான் உட்காராமல் இருந்திருந்தால் வீட்டில் வாரம் முழுக்க எதைச் செய்வது, எதை விடுவது என்று தெரிந்திருக்காது. ஆறு நாள் வீட்டில்தானே இருக்கிறான்.

இப்போது எழுத்து எப்படி என்று எல்லோரும் கேட்கிறார்கள். அழகு என்று சொல்ல மாட்டேன். கோட்டில் நிற்கிறது, வார்த்தைக்கு வார்த்தை இடம் விடுகிறான், ண-வில் மூன்று சுழியோடு நிறுத்துகிறான். ழ இன்னும் ஆடுகிறது. முக்கோணத்துக்கு முனை வந்துவிட்டது. ஒரு பக்கம் முழுக்க எழுதுகிறான், கை வலிக்கிறது என்று சொல்லி மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினான், பதினோரு வரி, யாரும் சொல்லாமல். போட்டோ எடுத்து அனுப்பினேன். இவர் திரும்பக் கூப்பிட்டு வெகு நேரம் பேசவில்லை, அப்புறம் "ஒரிஜினலைத் தபால்ல அனுப்பு" என்றார். காரைக்குடியில் ஸ்டாம்ப் வாங்கி ஒட்டினோம். விலாசத்தையும் மகனே எழுதினான்.

நாலு வயதுப் பிள்ளைக்கு அவசரப்பட்டு இங்கே வர வேண்டாம், டீச்சரே திருப்பி அனுப்பிவிடுவார், மண்ணில் விளையாட விடுங்கள் என்பார். ஆறு, ஏழு வயதாகியும் எழுத உட்கார்ந்தாலே கை வலி, அழுகை என்றால் தாமதிக்காமல் காட்டுங்கள். காலை 10 மணி பேட்ச் கேட்டு வாங்குங்கள், இடம் இல்லை என்றால் காத்திருக்கலாம். தண்ணீர் பாட்டிலும் ஒரு துண்டும் வேண்டும். பிள்ளையின் பழைய நோட்டு ஒன்றையும் மறக்காமல் எடுத்துப் போங்கள், புது நோட்டு வாங்கிப் போகாதீர்கள். தாளின் பின்பக்கத்தைத்தான் அவர் முதலில் தடவிப் பார்ப்பார்.